புதன்கிழமைப் பாட்டுப் பயிற்சி

செப்டம்பர் 5, 2006, செவ்வாய்

நாளை இரவு எட்டு மணிக்கு ‘கலவைத் தெரு’ முதன்முதலாக டிவியில் வருகிறது. நானும் ஹேமியும் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதி, வரைந்து, அழித்து, சண்டை போட்டு உண்டாக்கிய கார்ட்டூன். தீவுகளிலிருந்து வந்தவர்கள் நிறைந்த எங்கள் பேட்டை மாங்கெரேயில் ஒரு தெரு. அதில் எங்களைப் போல ஒரு சமோவாக் குடும்பம், ஹேமியைப் போல ஒரு மாவோரிக் குடும்பம், ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், முக்குக் கடை வைத்திருக்கும் ஒரு ஃபிஜி இந்தியர். வாரா வாரம் ‘ஆபீசர் கட்டம்’ என்று ஒருத்தர் அட்டையும் பேனாவுமாக வந்து நிற்பார். நீங்கள் என்ன இனம், எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கட்டும் என்று கேட்பார். ஒருத்தரும் ஒரு கட்டத்துக்குள் அடங்க மாட்டார்கள். அவ்வளவுதான் கதை.

அம்மா ஒரு வாரமாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பா மட்டும் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, “புதன்கிழம எனக்குப் பாட்டுப் பயிற்சி இருக்கு” என்றார். சர்ச் பாட்டுக்குழுவுக்கு எனக்குத் தெரிந்த நாளாக வியாழன்தான் பயிற்சி. எப்போதிலிருந்து புதன் என்று கேட்டேன்.

“இந்த மாசத்துலேர்ந்து.”

காரணம் எனக்குத் தெரியும். அடுத்த வாரம் வரப்போகும் இரண்டாவது எபிசோட். எழுபத்தாறில், நான் தொட்டிலில் இருந்தபோது, விடியற்காலையில் போலீஸ் நாயோடு வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது. விசா முடிந்தும் தங்கியிருப்பவர்களைத் தேடினார்கள். வெள்ளைக்காரர்களிலும் அப்படித் தங்கியவர்கள் ஏராளம். அவர்கள் கதவை யாரும் தட்டவில்லை. மோசெ சித்தப்பாவுக்கு விசா முடிந்திருந்தது. அப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்று, விருந்தாளியை வரவேற்கும் முறைப்படி ஒரு பேச்சு பேசினாராம். பேசினார், பேசினார், சித்தப்பா பின்பக்க வேலியைத் தாண்டும் வரைக்கும் பேசினார்.

இதெல்லாம் அம்மா சொன்னது. அப்பா வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. எந்தக் கல்யாணத்திலும் சாவிலும் குடும்பத்துக்காக எழுந்து பேசுவதற்கென்றே சமோவா முறைப்படி பட்டம் கட்டிய பேச்சாளர், இந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நான் கேட்காமல் எடுத்து, அப்பாவுக்கு ‘தோஃபி’ என்று பெயர் மாற்றி, கார்ட்டூனில் போட்டுவிட்டேன். தெரிந்த அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அத எதுக்கும்மா வெள்ளக்காரன் பாத்துச் சிரிக்கணும்?”

அவர் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் திட்டினாலும் சரி. ஊரே பார்த்து அவர் பார்க்கவில்லை என்றால் எனக்கு இது பாதி வேலைதான்.

செப்டம்பர் 6, புதன்

வந்துவிட்டது! அம்மா சிரித்த சிரிப்பில் கோக்கோ மூக்கு வழியாக வந்தது. அப்பாவின் நாற்காலி காலி.

செப்டம்பர் 8, வெள்ளி

விமர்சனங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்ட ஒட்ட இடம் போதவில்லை. நகரத்து வாரப் பத்திரிகை ஒன்று “துணிச்சல்” என்கிறது. இன்னொன்று “வசை” என்கிறது. ரேடியோவில் ஒரு பேராசிரியர், ஆபீசர் கட்டத்தின் அட்டை என்பது காலனி ஆட்சியின் உருவகம் என்று இருபது நிமிஷம் பேசினார். கேட்டுக்கொண்டே ஹேமி தலையைச் சொறிந்தான். “நெட்டா, அது அட்டைதானே? நான் அட்டைன்னுதானே வரஞ்சேன்?”

ஆசிரியருக்குக் கடிதம் எழுதியவர்களில் ஒருத்தர், இது தீவுக்காரர்களைக் கேவலப்படுத்துகிறது என்கிறார். அதற்கு அடுத்த கடிதம், வெள்ளைக்காரர்களைக் கேவலப்படுத்துகிறது என்கிறது. மூன்றாவது எங்கள் தெருமுனைக் கடை பிரகாஷ் அண்ணன் எழுதியது. இனம் பற்றியெல்லாம் அவருக்கு வருத்தமே இல்லை. கார்ட்டூன் கடைக்காரர் நேற்றைய மீட் பையை, அந்தக் கறி அடைத்த ரொட்டியை, இன்றைக்குச் சூடுபண்ணி விற்கிறாராம், அது வியாபாரத்தைப் பாதிக்குமாம். இன்று பால் வாங்கப் போனபோது என் கையில் ஒரு மீட் பையைத் திணித்து, “சாப்பிட்டுப் பாத்துட்டு எழுதுங்க” என்றார். சுடச்சுட, நன்றாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை, அடுத்த எபிசோடிலும் கார்ட்டூன் கடைக்காரர் விற்பது பழசுதான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

சர்ச்சில் பத்துப் பேர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நாலு பேர் என்னைப் பார்த்ததும் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஆண்கள் குழு இன்று பாடியது படு மோசம். புதன்கிழமை கூடுதலாகப் பயிற்சி செய்துமா இப்படி?

செப்டம்பர் 13, புதன்

இரண்டாவது எபிசோட். தோஃபி வாசலில் நின்று ஆபீசர் கட்டத்தை வரவேற்கிறார். ஆபீசருக்கு வணக்கம், அவர் அட்டைக்கு வணக்கம், கூட வந்த நாய்க்கும் நாயின் மூதாதையருக்கும் வணக்கம். ஆபீசர் தூங்கிப்போகிறார். பின்னால் தம்பி வேலி ஏறுகிறான்.

அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. முடிந்ததும் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “அன்னிக்கி நான் உன்னத் தூக்கிட்டு சமையல்கட்டுல நின்னேன். நீ அழக்கூட இல்ல” என்றாள்.

அப்பா பத்து மணிக்கு வந்தார். பயிற்சி எப்படி என்றேன். “இழுவையா இருந்துச்சு” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேச்சாளர் முகம். என்ன இருந்தாலும் உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

பார்க்கவில்லை. பார்க்கவே போவதில்லை. போகட்டும்— இல்லை, ஏன் போகட்டும்? எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 21, வியாழன்

காலை ஆறரையிலிருந்து ஃபோன். நேற்று மூன்றாவது எபிசோடில் ஒரு கல்யாண விருந்து. முழுப் பன்றியை வெட்டிப் பங்கு வைக்கிற காட்சி. தலையைத் தட்டில் வைத்துப் பெரிய தலைவர் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டோம்!

பன்றித் தலை பட்டம் இல்லாத இளவட்டங்களுக்குப் போவது. அடுப்பு மூட்டி வேர்த்து நின்றவர்கள் பங்கு. தலைவருக்கு முதுகுக் கறி. எனக்குத் தெரியாதா? தெரியும். வரைந்ததைப் பார்க்கும்போது கண் தூங்கிவிட்டது.

முதல் ஃபோன் லாங்கி அத்தை, அப்பாவின் அக்கா. “ஏண்டி நெட்டா, எங்களக் கறுப்புன்னு சொல்லு, குண்டுன்னு சொல்லு, சிரிச்சிட்டுப் போறேன். தலையக் கொண்டுபோய்த் தலைவருக்கு வெக்கலாமாடி? ஞாயித்துக்கிழம நான் எந்த முகத்தோட சர்ச்சுக்குப் போவேன்?”

“அத்த, கார்ட்டூன் பன்னி அது.”

“பன்னி பன்னிதாண்டி!”

வெலிங்டனிலிருந்து, சிட்னியிலிருந்து, சமோவாவில் ஆப்பியாவிலிருந்துகூட ஒரு ஃபோன். ஆப்பியாவில் நிகழ்ச்சி வருவதே இல்லை. கேள்விப்பட்டே கோபப்பட்டிருக்கிறார்கள்.

ஹேமியிடம் கேட்டேன். பாவம், முகம் சிவந்துவிட்டது. “எங்க வீட்டுல மீன் தல பெரியவங்களுக்குத்தான். பன்னிக்கும் அப்படித்தான்னு நெனச்சு மரியாதையா வரஞ்சேன் நெட்டா.” மாவோரிக்காரன் மரியாதை சமோவாக்காரனுக்கு அவமரியாதை. இதைவிட நல்ல எபிசோடை நாங்கள் எழுதியதே இல்லை. இரண்டு பேரும் மேஜையில் தலை வைத்துச் சிரித்தோம்.

செப்டம்பர் 23, சனி

பெரிய விமர்சனம் வந்துவிட்டது. டங்கன் வேட்லி. நகரத்துப் பெரிய தினசரியில் இருபது வருஷமாக டிவி பற்றி எழுதுகிற வெள்ளைக்காரர். அரைப் பக்கம், படத்தோடு. மூன்று எபிசோடையும் பார்த்திருக்கிறார். ஒரு இடத்திலும் சிரிப்பு வரவில்லையாம், வெட்கம்தான் வந்ததாம். ‘கேட்ட கேள்வி புரியாமல் உளறிக்கொண்டே போகும் மந்தபுத்திக் கிழவராகத் தோஃபியைக் காட்டியிருப்பது, கண்ணியமான ஒரு சமூகத்துக்கு அதன் சொந்த மகளே செய்த துரோகம்.’

துரோகம்! எங்கள் கண்ணியத்தை இந்த ஆள் காவல் காக்கிறாராம். யார் வேலைக்கு வைத்தது இவரை?

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மடித்து வைத்தார். “இந்த ஆளுக்கு மரியாத தெரியுது” என்றார்.

“அப்பா, நீங்க அதப் பாக்கவே இல்ல. அவன் சொல்றத மட்டும் நம்பறீங்களா?”

“இவர் நம்பர் இருக்கா ஒங்கிட்ட?”

“எதுக்கு?”

“ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்குக் கூப்பிடணும்.”

கோபத்தில் நம்பரை எழுதி முகத்துக்கு நேரே நீட்டினேன். போங்கப்பா. கூப்பிட்டு மாலை போடுங்க. பொண்ணு துரோகி, பத்திரிகைக்காரன் புள்ளை. ரொம்ப நல்லாயிருக்கு.

செப்டம்பர் 24, ஞாயிறு

வேட்லி அடுத்த ஞாயிறு வருகிறாராம். “ரொம்ப நெகிழ்ந்துட்டார்” என்று அப்பா சொன்னார். ஆண்கள் குழு இன்று பாடியபோது பாதிரியாரின் மனைவியே காதைத் தேய்த்தாள்.

செப்டம்பர் 27, புதன்

நான்காவது எபிசோட். பார்க்கப் பிடிக்கவில்லை, துணி மடித்தேன். அப்பா பயிற்சிக்குப் போனார், ஒரு பெரிய பொட்டலம் வறுத்த வாழைக்காயோடு. பாடுகிறவர்களுக்கு வறுவல் எதற்கு?

அக்டோபர் 1, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. வரிசையாக எழுத வேண்டும், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

ஆராதனை முடிந்து சர்ச் மண்டபத்தில் விருந்து. பாய் விரித்து, வாழையிலை போட்டு, சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த கீரை, சேமியா, கல் அடுப்பில் சுட்ட பன்றி. வேட்லி வந்தார். ஒல்லியான, மூக்கு நுனி சிவந்த, நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். அதுவே எனக்கு எரிச்சல். ஒரு சீஸ் கேக்கும் ஒரு புட்டி ஒயினும் கொண்டுவந்திருந்தார். மண்டபத்தில் மதுவின் வாசனைகூட ஆகாது.

விருந்துக்கு யார் என்ன கொண்டுவந்தாலும் அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கூவி அறிவிக்க வேண்டும், இன்னார் கொண்டுவந்தார் என்று. அது பேச்சாளரின் வேலை. அப்பா எழுந்தார். புட்டியைப் பார்த்தார்.

“கேளுங்கள்! நகரத்திலிருந்து வந்த திரு. டங்கன் வேட்லி அவர்கள் கொண்டுவந்தது, பெரிய கேக் ஒன்று! மிக மிகப் பழைய திராட்சைச் சாறு ஒரு புட்டி!”

பாதிரியார் இருமினார். வேட்லி எல்லோருக்கும் தலை வணங்கினார்.

சாப்பிடும்போது அவருக்கு விருந்தாளிக்கான நல்ல கறி வந்தது. தலை, மண்டபத்துக் கோடியில் இளவட்டங்களிடம் போனது. வேட்லி அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். “தலை உங்கள் தலைவருக்கில்லையா? நிகழ்ச்சியில் அப்படித்தானே இருந்தது?”

லாங்கி அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். “அரப் பக்கம் எழுதினீங்களே சார், எங்களுக்கு நடந்த ஒரே அநியாயம் அதுதான், அத மட்டும் விட்டுட்டீங்களே!”

வேட்லிக்குப் புரியவில்லை. ஆனாலும் மனிதர் விடவில்லை. எது தவறோ இல்லையோ, தோஃபியைக் காட்டிய விதம் தவறு என்றார். ஆபீசர் கேட்பது கூடப் புரியாத மடையனாகக் காட்டியிருக்கக் கூடாது, உங்களைப் போன்ற ஒருவர் மனம் எப்படிப் புண்பட்டிருக்கும் என்று அப்பாவின் கையைத் தொட்டார்.

நான் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அப்பா கையை மெதுவாக விலக்கினார்.

“புரியாமலா? நல்லாப் புரிஞ்சதாலதான் பேசினான். அவன் தம்பி பின்னால வேலி தாண்டணும். அது வரைக்கும் பேசணும். அது நாந்தான் சார். எழுபத்தாறுல.”

முப்பது வருஷம். எல்லோர் முன்னாலும். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேட்லியின் முகம் வெளுத்துப்போனது. என்னமோ சொல்ல வாயெடுத்தார். அப்பா விடவில்லை. “என் மக செஞ்சதுல ஒரு தப்பு இருக்கு. பேச்சு போதாது! என் தம்பியப் பாருங்க.” எதிரே உட்கார்ந்திருந்த மோசெ சித்தப்பா வாயில் கிழங்கோடு நிமிர்ந்தார். “அப்பவே நூத்தியிருவது கிலோ. டிவில வந்த நேரத்துக்கு அவன் வேலியப் பாத்துப் பெருமூச்சுதான் விட்டிருப்பான்!”

“வேலி ஒசரம்!” என்றார் சித்தப்பா.

மண்டபம் வெடித்தது. அப்பா எழுந்து, இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, அன்று பேசிய பேச்சைப் பேச ஆரம்பித்தார். போலீஸ்காரரின் பரம்பரைக்கு வணக்கம், அவர் தொப்பிக்கு வணக்கம், அவரைப் பெற்ற அம்மா இந்த விடியலில் கவலையோடு இருப்பாளே, அவளுக்கு வணக்கம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தோஃபி வாயில் நான் வைத்ததெல்லாம் இதன் ஓரத்தில்கூட நிற்காது.

“கொட்டாவி விடும் பெரியவரே, உங்கள் கொட்டாவிக்கும் வணக்கம்” என்று அப்பா சொன்னதுதான் தாமதம், பாட்டுக்குழுவிலிருந்து கிழவர் ஒருத்தர் அப்பாவைப் பெயர் சொல்லிக் கத்தினார்: “அபெராமோ, தப்பு! நாய்க்கு வணக்கம் சொன்ன அப்புறந்தான் ஆபீசர் கொட்டாவி விடுவான்!”

“ஆமா ஆமா! நாய் மொதல்ல வாலாட்டும்!” என்றார் இன்னொருத்தர்.

“அதுக்கும் முன்னால அட்ட கீழ விழும்!” என்றார் மூன்றாமவர்.

நாய்க்கு வணக்கம், வாலாட்டல், கொட்டாவி, அட்டை இதெல்லாம் எழுபத்தாறில் இல்லை. நான் எழுதியது.

மண்டபத்தில் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பாதிரியாரின் மனைவி மூலையில் துணி போர்த்தியிருந்த பழைய டிவியைப் பார்த்தாள். அம்மா நிதானமாகக் கேட்டாள். “பாட்டுப் பயிற்சியா?”

பன்னிரண்டு கிழவர்கள். ஒவ்வொருத்தரும் வீட்டில் பார்க்க மாட்டேன் என்று வீம்பு பண்ணிவிட்டு, புதன்கிழமை எட்டு மணிக்கு மண்டபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, வாழைக்காய் வறுவலோடு என் கார்ட்டூனைப் பார்த்திருக்கிறார்கள்! குரல் கெட்டுப்போனது சிரித்துச் சிரித்து. அப்பாவின் காது மடல் சிவந்து நான் பார்த்ததே இல்லை, இன்று பார்த்தேன்.

வேட்லியும் கடைசியில் சிரித்துவிட்டார். முதலில் கையால் வாயை மூடிக்கொண்டு, சிரிக்கலாமா என்று சுற்றிப் பார்த்து, அப்புறம் மூடாமல். அப்பா அவர் தோளைத் தட்டினார். “எங்களுக்காக நீங்க வெக்கப்பட்டீங்க சார், நல்ல மனசு. ஆனா எங்க ஊர் விருந்துல கோமாளி தலைவரோட மானத்தயே வாங்குவான். தலைவர் சிரிச்சாகணும். சிரிக்காதவன் பட்டத்துக்கு லாயக்கில்லாதவன். யார் சிரிக்கலாம்னு நாங்க பாத்துக்கறோம். நீங்க கறியச் சாப்பிடுங்க.”

வண்டியில் வரும்போது கேட்டேன். “நன்றி சொல்லக் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“திட்டத்தான் கூப்பிட்டேன். சாப்பாடு போட்டுட்டுத்தானேம்மா திட்டணும்?”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழப் பறந்து இறங்கியது. “அந்தக் காலையில எனக்குக் காலெல்லாம் நடுங்குச்சு நெட்டா. அது மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு. சிரிக்கற மாதிரியும் இருந்திருக்குன்னு ஒன் கார்ட்டூனப் பாத்துதான் தெரிஞ்சுது” என்றார்.

அக்டோபர் 3, செவ்வாய்

வேட்லி இன்று சின்னதாக ஒரு பத்தி எழுதியிருக்கிறார். நிகழ்ச்சி இன்னும் அவருக்குப் பிடிக்கவில்லையாம். ஆனால் தோஃபியைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறாராம், சிறந்த வல்லுநர் ஒருவர் விளக்கினாராம். பன்றித் தலை பற்றியும் ஒரு கண்டனம் சேர்த்திருக்கிறார். லாங்கி அத்தை அதை வெட்டித் தன் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள்.

அக்டோபர் 4, புதன்

சாயங்காலம் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் நின்றார். “பாட்டுப் பயிற்சிக்குப் போறேன். ஒனக்குக் குரல் சுமார்தான். இருந்தாலும் வா.”

மண்டபத்தில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். இந்த முறை கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். அம்மாவும் அத்தையும் மற்ற பெண்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். ஹேமியும் வந்தான். மீன் தலைக்காரா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள், அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஐந்தாவது எபிசோட். எங்கே சிரிப்பார்கள் என்று நான் நினைத்தேனோ அங்கே சிரிக்கவில்லை. நினைக்காத இடத்திலெல்லாம் உருண்டார்கள். முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அவை எப்போதும் ஓடுகிற வேகத்தில் என் பெயரை என் அம்மாவே படித்ததில்லை.

அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஞாயிற்றுக்கிழமை ஒயின் புட்டிக்கு எழுந்த அதே நிமிர்வு. அதே குரல், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல்.

“கேளுங்கள்! மாங்கெரே சபைக்கு இன்று வந்த கொடை! அரை மணி நேரச் சிரிப்பு! கொண்டுவந்தவள் இயனெட்டா! என் மனைவி சியெனியின் மகள்! வேலி தாண்டிய மோசெயின் அண்ணன் மகள்! என் மகள்!”

கிழவர்கள் எல்லோரும் முறைப்படி நன்றி சொன்னார்கள், ஒரே குரலில். ஒரு மாதத்தில் அந்தக் குழு ஸ்வரம் பிசகாமல் சொன்னது அது ஒன்றுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன், கண் நிறைந்துவிட்டது.

அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிவியைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார்: “அந்தத் தலைய மட்டும் சரி பண்ணிடு.”

பண்ணிடறேன்ப்பா.